லூடிக்கு இடப்பக்கம்

ஹிக்கரி ஓடை, மேற்கு வர்ஜீனியா
1976 பிப்ரவரி 9

மாப்பிள்ளை ராஸ்கோவுக்கு எமரி சொல்லி எழுதுவது.

நான் இருக்கிறேன். காலை இருமல் வழக்கம்போல வந்து வழக்கம்போலப் போகிறது. உன் இருமல் எந்த மட்டில் இருக்கிறது என்று எழுது. ஒரே சுரங்கத்தில் ஒரே வண்டிக்குக் கரி அள்ளிப் போட்ட இரண்டு பேரில் ஒருவனுக்கு இருந்து மற்றவனுக்கு இல்லாமல் போகாது.

எழுதுகிறவள் வெல்மா. தபால் ஆபீஸையும் மாவு, பீன்ஸ் விற்கிற கடையையும் ஒரே மேஜையில் வைத்து நடத்துகிறாளே, அவள்தான். நான் சொல்வதை அப்படியே எழுதுவதாகச் சத்தியம் செய்திருக்கிறாள். "கெட்ட வார்த்தைய மட்டும் விட்டுருவேன் அண்ணே" என்கிறாள். அப்படியென்றால் உனக்குப் பாதிக் கடிதம்தான் வரும்.

கிறிஸ்துமஸுக்கு அனுப்பிய கம்பளிச் சட்டை சரியாக இருக்கிறது. கை கொஞ்சம் நீளம்.

லூடியின் கல்லறைமேல் பனி கனமாக விழுந்தது. கல் சாயவில்லை. என் தங்கை அங்கே படுத்து இது இரண்டாவது குளிர்காலம். நீ போன கடிதத்திலும் அதற்கு முந்தினதிலும் ஒரே விஷயத்தைச் சுற்றிச் சுற்றிக் கேட்டிருக்கிறாய். அவளுக்கு இடப்பக்கம் தேவதாரு வேர் ஓடியிருக்கிறதா, மண் இளக்கமா, மழைத் தண்ணீர் நிற்குமா என்று. இருபது வருஷம் சட்டசபையில் உட்கார்ந்தவன் இப்படித்தான் கேட்பான். நான் எழுத்துத் தெரியாதவன், நேராகக் கேட்டால்தான் எனக்கு விளங்கும். உன் பெண்டாட்டி பக்கத்தில் உனக்கு ஒரு குழி வேண்டுமா? வேண்டுமென்றால் வேண்டும் என்று எழுது.

சொன்னவன் எமரி, எழுதியவள் வெல்மா


சார்ல்ஸ்டன்
1976 பிப்ரவரி 27

அன்புள்ள மச்சான் எமரிக்கு,

நலம். நீயும் வெல்மாவும் நலமாயிருக்க வேண்டும். இங்கே இந்த வருஷம் குளிர் குறைவு.

நான் தங்கியிருக்கும் விடுதியை நடத்தும் டாயில் அம்மாள் இன்னும் என்னை "மெம்பர் ஐயா, சூப்பு ஆறுது" என்றுதான் கூப்பிடுகிறாள். பதவி போய்ப் பதினெட்டு வருஷம் ஆயிற்றே அம்மா என்றால், "பதவி போனா போவுது, பேரு எங்க போவும்" என்கிறாள். அவளோடு வாதாடி ஜெயித்தவர் இந்தத் தெருவில் இல்லை.

சபை கூடியிருக்கிறது. மதியத்தில் போய் மேல்மாடத்துப் பார்வையாளர் பெஞ்சில் உட்காருகிறேன். நேற்று ஒரு புது உறுப்பினர் மான் வேட்டை மசோதாமேல் முக்கால் மணி நேரம் பேசினார். ஆதரவா எதிர்ப்பா என்று கடைசிவரை யாருக்கும் பிடிபடவில்லை. பெரிய ஆளாக வருவார். மூன்றாம் வரிசையில் என் நாற்காலியில் இப்போது ஒரு பல் டாக்டர் இருக்கிறார். மேஜை டிராயர் திறக்க வராமல் இழுத்துக்கொண்டிருந்தார். அதைக் கொஞ்சம் மேலே தூக்கித் திறக்க வேண்டும். இறங்கிப்போய்ச் சொல்லலாமா என்று நினைத்தேன். படி அதிகம், போகவில்லை.

ஆம் மச்சான். வேண்டும்.

உன் ராஸ்கோ


ஹிக்கரி ஓடை
1976 மார்ச் 21

மாப்பிள்ளை ராஸ்கோவுக்கு எமரி.

நான் சுகம். இருமலைப் பற்றிக் கேட்டேன், நீ குளிரைப் பற்றி எழுதியிருக்கிறாய். போகட்டும்.

அந்த இடம் என்னுடையதாக இருந்தால் இன்றைக்கே வெட்டி வைத்துவிடுவேன். அது ஓடைக்காரர்கள் எல்லோருக்கும் பொதுவான இடுகாடு. ஓடையை விட்டுப் போனவனை உள்ளே கொண்டுவர வேண்டுமென்றால், அங்கே சொந்தக்காரர்களைப் புதைத்திருக்கிற பன்னிரண்டு குடும்பத்திடமும் சம்மதம் கேட்டுக் கை தூக்கச் சொல்ல வேண்டும். மே மாதக் கடைசி ஞாயிறு, கல்லறைகளைச் சுத்தம் செய்து பூ வைத்து, மரத்தடியில் சாப்பிட்ட பிறகு. குடும்பத்துக்கு ஒரு கை. சமமாக வந்தால் இல்லை என்று அர்த்தம். இதெல்லாம் உனக்குத் தெரியாததில்லை. வெல்மா வெளியூரிலிருந்து வாழ வந்தவள், அவள் கேட்டாள். அவளுக்குச் சொன்னது காகிதத்திலும் ஏறிவிட்டது.

கடையில் மெல்லப் பேச்சை எடுத்தேன். அடுப்போரம் பர்ல் உட்கார்ந்திருந்தான்.

"யாரு, ஊமை ராஸ்கோவா?" என்றான்.

"அவனுக்குப் பேச வரும் பர்ல். உனக்கே தெரியும்."

"வரும் வரும். பள்ளிக்கூட பஸ்ஸுக்குப் பேசினான், வந்துச்சு. நர்ஸம்மாவுக்குப் பேசினான், வந்தாங்க. பாலத்துக்கு மட்டும் நாக்கு செத்துப்போச்சு. பாலம் வந்தா பொழப்பு போயிரும்னு படகுக்காரன் காசு குடுத்து அவன் வாயைத் தச்சுவிட்டுட்டான்."

"தச்சத நீ பாத்தியா?"

"நெட்டி போனதப் பாத்தேன்ல. அது பத்தாதா?"

ஆற்றுக்குப் பாலம் கட்டும் மசோதா விழுந்தது ஐம்பத்தேழில். அடுத்த வருஷம் ஏப்ரலில் ஆறு கரை புரண்டு ஓடும்போது பர்லின் மகள் நெட்டிக்குக் குடல்வால் வெடித்தது. ஒன்பது வயசு. கதவைக் கழற்றி அதில் படுக்கவைத்து நாலு பேர் தூக்கிக்கொண்டு கரையில் நின்றோம். தலைமாட்டில் இடப்பக்கம் பிடித்தவன் நான். அக்கரையில் டாக்டர் வண்டி நிற்பது கண்ணுக்குத் தெரிந்தது. படகு போகவில்லை. அவள் கல், நீ கேட்கிற இடத்துக்கு அடுத்தது. உன்னை வைத்தால் அவளுக்கு ஒரு முழம் தள்ளித்தான் நீ இருப்பாய்.

லூடி இருந்தவரை, "அத மட்டும் அவருகிட்ட கேக்காதண்ணே" என்று என் கையைப் பிடித்துக்கொள்வாள். இப்போது அவள் இல்லை, கேட்கிறேன். அன்றைக்குச் சபையில் ஓட்டுக்கு உன் பேரைக் கூப்பிட்டபோது ஏன் வாயைத் திறக்கவில்லை?

சொன்னவன் எமரி. வெல்மாவும் விசாரித்தாள்.


சார்ல்ஸ்டன்
1976 ஏப்ரல் 10

மச்சான் எமரிக்கு,

வெல்மாவுக்கு என் வணக்கம். இங்கே எல்லாம் வழக்கம்போல.

கேட்டதற்குப் பதில். சபையில் ஜோடி போடுவது என்று ஒரு பழக்கம் உண்டு. ஒரு மசோதாவுக்கு ஆதரவான ஒருவனும் எதிரான ஒருவனும் சேர்ந்துகொள்வது. அவர்களில் ஒருவன் வரமுடியாமல் போனால், மற்றவன் சபையில் இருந்தும் ஓட்டுப் போடாமல் உட்கார்ந்துவிடுவான். கை கொடுத்தால் முடிந்தது.

ஹாலிஸ் பிரையர் என்று வடக்குத் தொகுதி உறுப்பினன் ஒருவன். அந்தப் பணம் தன் ஊர் ரோட்டுக்கு வேண்டும் என்பதால் நம் பாலத்துக்கு எதிர். ஓட்டு நடக்கிற அன்று காலை படிக்கட்டில் என்னைப் பிடித்தான். அவன் மனைவிக்குப் பிரசவம் சிக்கலாகிவிட்டதாகத் தந்தி வந்திருந்தது.

"நான் கிளம்பினா உங்க பாலம் ஜெயிச்சிரும் ராஸ்கோ. கிளம்பலைன்னா அவ முகத்தப் பாக்காமலே போயிருவேன். என்ன பண்ணட்டும், நீங்களே சொல்லுங்க."

"போயிட்டு வாங்க. நான் உக்காந்துக்கறேன்."

அவ்வளவுதான் பேச்சு. மாலையில் என் பேரைக் கூப்பிட்டார்கள். நான் பதில் சொல்லவில்லை. இரண்டு பக்கமும் சமமாக வந்தது, மசோதா விழுந்தது. அவன் ஊருக்குப் போகாமல் இருந்து, நானும் ஓட்டுப் போட்டிருந்தாலும் சமமாகத்தான் வந்திருக்கும். அவன் இருந்திருந்தால் என்ன நடந்திருக்குமோ அதை நடக்கவிட்டேன்.

அவன் மனைவி பிழைத்துக்கொண்டாள்.

இதைச் சொல்ல ஒரு தடவை பர்ல் வீட்டுக்குப் போனேன், நெட்டியை அடக்கம் செய்த மறுவாரம். பாதியில் கதவைச் சாத்திவிட்டான். அதன்பிறகு யாரிடமும் சொல்லவில்லை. நெட்டிக்கு முன்னால் இது ஒரு பதிலாக எனக்கே தெரியவில்லை. அந்த வருஷம் மே மாதத் தேர்தலில் நம் ஓடையில் எனக்கு விழுந்தது இரண்டு ஓட்டு, உன்னுடையதும் லூடியுடையதும். எனக்கு நானே போட்டுக்கொள்ளவில்லை.

ராஸ்கோ


ஹிக்கரி ஓடை
1976 ஏப்ரல் 25

மாப்பிள்ளைக்கு எமரி.

சுகம். காட்டு வெங்காயம் முளைத்துவிட்டது. வீட்டுக்கு வீடு அதைத் தின்று ஓடை முழுக்க நாறுகிறது, எல்லோரும் சந்தோஷமாக இருக்கிறோம்.

உன் கடிதத்தை வாசித்துவிட்டு வெல்மா மூக்கைச் சிந்தினாள். நான் சிந்தவில்லை. உன்னைத் திட்டுகிறேன், அவள் விடாமல் எழுத வேண்டும். படிக்கட்டில் ஒருவனுக்குக் கை கொடுத்தாய், சரி. ஓட்டுக் கேட்டு வந்தபோது எங்கள் வீட்டு வாசல் ஒவ்வொன்றிலும் கை கொடுத்தாயே, அது என்ன கையில்லையா? அவன் பெண்டாட்டி அவனுக்கு. ஆறு எங்களுக்கு. உங்கள் சபைக்குள் ஒருவருக்கொருவர் மரியாதை பார்த்துக்கொள்கிறீர்கள், தண்ணீரில் இறங்குவது நாங்கள். அன்றைக்கு நானாக இருந்தால், "பிள்ளை நல்லபடியா பொறக்கட்டும்" என்று அவனை வழியனுப்பிவிட்டு, உள்ளே போய்ச் சத்தமாக ஓட்டுப் போட்டிருப்பேன். ராத்திரி நன்றாகத் தூங்கியும் இருப்பேன்.

இது தனி. குழி தனி. வீடு வீடாகப் போய்க்கொண்டிருக்கிறேன். டாலிவர் விதவை, "எம்புள்ளைங்களுக்கு பஸ்ஸு குடுத்த மனுசன், ஆறடி மண்ணு குடுக்க மாட்டனா" என்றாள். அவள் கொழுந்தன், "செத்தவன் வந்து என்ன சட்டமா போடப்போறான், வரட்டும்" என்றான். இப்படி ஐந்து வீடு, என்னோடு ஆறு. பர்லோடு சேர்த்து அந்தப் பக்கம் ஆறு. சமம். சமமென்றால் இல்லை. இன்னும் ஒரு வீட்டைத் திருப்பப் பார்க்கிறேன்.

எமரி


ஹிக்கரி ஓடை
1976 மே 10

மாப்பிள்ளைக்கு எமரி.

பதில் வரவில்லை. நான் திட்டியதற்காகவா? நீ சபையில் வாங்காத திட்டா?

வெல்மா விடுதிக்குப் போன் போட்டாள். "மெம்பர் ஐயா கொஞ்ச நாள் வெளிய போயிருக்காரு" என்றாளாம் டாயில் அம்மாள். எங்கே என்றால், "அத அவருதான் சொல்லணும்" என்று வைத்துவிட்டாளாம். எங்கே போனாய்?

இங்கே ஒரு விஷயம். பர்ல் வைக்கோல் பரணில் ஏறும்போது ஏணிப்படி உடைந்து விழுந்து இடுப்பெலும்பு முறிந்துவிட்டது. அக்கரை ஆஸ்பத்திரியில் கிடக்கிறான். ஆகஸ்டு வரை எழுந்திருக்க முடியாதாம். அவன் வீட்டில் வேறு கை கிடையாது. மகள் போனாள், மனைவியும் போய்ச் சேர்ந்தாள். ஆகவே ஆறுக்கு ஐந்து. மாப்பிள்ளை, நீ உள்ளே வந்துவிட்டாய்.

உடனே பதில் போடு.

எமரி


சார்ல்ஸ்டன்
1976 மே 18

மச்சானுக்கு,

சில நாள் அறையில் இல்லை. வந்துவிட்டேன். பென்சிலில் எழுதுவதற்கு மன்னிக்க வேண்டும், வெல்மாவுக்கு வாசிக்கச் சிரமம். சாப்பாடு இறங்குகிறது. உன் திட்டு முழுவதும் வந்து சேர்ந்தது. அதில் தவறு எதுவும் இல்லை.

பர்ல் எப்படி இருக்கிறான்? நீ போய்ப் பார்த்தாயா? அவன் மாட்டைக் கறக்க ஆள் இருக்கிறதா?

ராஸ்கோ


ஹிக்கரி ஓடை
1976 மே 31

மாப்பிள்ளை ராஸ்கோவுக்கு எமரி.

மற்றவர்கள் வாயால் கேள்விப்படும் முன் என் வாயால் கேள். நேற்று விழுந்துவிட்டது. ஐந்தும் ஐந்தும் சமம். ஆறாவது கை என்னுடையது. நான் தூக்கவில்லை.

நடந்ததைச் சொல்கிறேன். பர்லைப் பார்த்தாயா என்று நீ கேட்டிருந்தாய். பார்க்காமல் இருந்தது எனக்கே வெட்கமாகிவிட்டது. புதன்கிழமை, நெட்டி போன பிறகு கட்டின பாலத்தைத் தாண்டிப் போனேன். சோள ரொட்டியும் ஒரு ஜாடி மோரும் கொண்டுபோனேன். மோரை வாங்கி மூடியைத் திறக்காமல் நெஞ்சுமேல் வைத்துக்கொண்டு கேட்டான்.

"எண்ணிட்டியா?"

"எண்ணிட்டேன்."

"நான் இல்லாம எவ்வளவு?"

"ஆறு, அஞ்சு."

சுவர்ப்பக்கம் திரும்பப் பார்த்தான். இடுப்பு விடவில்லை.

"நான் நடமாடிக்கிட்டிருந்தா அவன் என் புள்ள பக்கத்துல வரமாட்டான். ஏணி உடைஞ்சதால வர்றான். அப்படித்தான எமரி?"

"அப்படித்தான்."

"சரி. வெயிலுக்கு முன்ன வீடு போய்ச் சேரு."

அவன் என்னிடம் எதையும் கேட்கவில்லை. உட்கார்ந்துவிடு என்று கேட்டிருந்தால், போடா என்று சொல்லியிருப்பேன். திட்டியிருந்தால் இன்னும் சுலபம். வாசல்வரை வந்துவிட்டேன். திரும்பிப்போய்க் கையை நீட்டி, "ஞாயித்துக்கிழமை நான் கை தூக்கல" என்றேன்.

"ஏன்?"

"தெரியல."

என் கையைப் பிடித்தான். படுத்துக்கிடக்கிறவனுக்கு அவ்வளவு பிடி இருக்கும் என்று நினைக்கவில்லை.

நேற்று எல்லோரும் சாப்பிட்டு முடித்தார்கள். பாதிரியார் உன் பேரைச் சொல்லிக் கேட்டார். எண்ணினார், மறுபடி எண்ணினார். பிறகு என்னைப் பார்த்தார். ஊரே என்னைப் பார்த்தது.

டாலிவர் விதவை எழுந்துவிட்டாள். "சொந்தத் தங்கச்சி புருசன். கை மரத்துப்போச்சா எமரி அண்ணே?"

"பர்ல் படுத்திருக்கான்" என்றேன்.

"அதுக்கு?"

போன மாதம் நானும் உன்னிடம் அதைத்தானே கேட்டேன். கோழிக்கறித் தட்டைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். வீட்டுக்கு வரும் வழியில் ஒருவரும் என்னோடு நடக்கவில்லை. வெல்மா மட்டும் நடந்தாள். ராத்திரி நன்றாகத் தூங்கியிருப்பேன் என்று உனக்கு எழுதினேன் அல்லவா. தூங்கவில்லை.

நீ என்னைத் திட்டி எழுது. வெல்மா விடாமல் வாசிப்பாள்.

எமரி


சார்ல்ஸ்டன்
1976 ஜூன் 8

மச்சான் எமரிக்கு,

உன் உடம்பைப் பார்த்துக்கொள். தூக்கம் வந்துவிடும். ஐம்பத்தேழில் எனக்கு இரண்டு வாரம் ஆயிற்று.

நல்ல காரியம் செய்தாய் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். எழுத வரவில்லை. எனக்கு அந்த இடம் வேண்டும் மச்சான். கடிதத்தை மடித்து வைத்துவிட்டு உன்மேல் கோபமாக இருந்தேன். பர்லுக்குக் கொடுத்த கை பெரிதா, என் லூடி பெரிதா என்று சுவரோடு சண்டை போட்டேன். அவன் இல்லாத இடத்தில் தூக்கினால் என்ன, யாருக்கு என்ன குறைந்துவிடும் என்று உரக்கவே சொல்லிவிட்டேன் போலிருக்கிறது. டாயில் அம்மாள் கதவைத் தட்டி, "யாருங்க உள்ள" என்று கேட்டாள்.

பிறகுதான் தோன்றியது. பாலம் விழுந்த வருஷம் ஓடையில் எல்லா வீட்டிலும் என்னைப் பற்றி இப்படித்தான் பேசியிருப்பார்கள். காரணம் எல்லாம் எனக்குத் தெரியும். இருந்தும் வலிக்கிறது. காரணம் தெரிந்தால் வலிக்காது என்று நான் இத்தனை வருஷம் நினைத்துக்கொண்டிருந்தேன். பர்ல் பாதியில் கதவைச் சாத்தியது நல்லதுதான்.

இன்னொன்று. மே மாதம் நான் இருந்தது ஆஸ்பத்திரியில். நுரையீரலில் ஒன்று வளர்ந்திருக்கிறது. இலை உதிர்வதற்குள் கதை முடியும் என்கிறார் டாக்டர். முன்பே எழுதியிருந்தால் அதைச் சொல்லி நீ வீடு வீடாகக் கேட்டிருப்பாய். அப்படிக் கிடைப்பது வேண்டாம் என்றுதான் சொல்லவில்லை.

இங்கே ஊருக்கு மேற்கே ஒரு இடம் இருக்கிறது. நல்ல மேடு. தண்ணீர் நிற்காது.

ராஸ்கோ


ஹிக்கரி ஓடை
1976 ஜூன் 20

மாப்பிள்ளை ராஸ்கோவுக்கு எமரி.

உன் உடம்பை இனிக் காகிதத்தில் விசாரிப்பதாக இல்லை. நேரில் பார்த்துக்கொள்கிறேன்.

பர்லைச் செவ்வாய்க்கிழமை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். இரண்டு ஊன்றுகோலில் நிற்கிறான். மாடு கறக்க நான்தான் போகிறேன். கறந்துகொண்டே உன் சங்கதியைச் சொன்னேன். ஊன்றுகோலில் சாய்ந்தபடி கேட்டான்.

"இலை உதிர்றதுக்குள்ளயா?"

"டாக்டர் அப்படிச் சொல்றாராம்."

"டாக்டரு. என்னைய ஆகஸ்டு வரைக்கும் கட்டில விட்டு எறங்கமாட்டன்னாரு." ஊன்றுகோலை மாற்றி ஊன்றிக்கொண்டு, "அடுத்த மே மாசம் திரும்பக் கேக்கலாம்ல?" என்றான்.

"கேக்கலாம்."

"அப்ப அதுவரைக்கும் அவன இருக்கச் சொல்லு. நான் என் சொந்தக் கால்ல மேட்டுல ஏறி வந்து, அவன் மூஞ்சிக்கு நேரா, வேணாம்னு கை தூக்கணும். செத்தவனுக்கு எதிரா தூக்கறது ஒரு தூக்கா?"

அவன் மனசு இளகிவிட்டது என்கிறாள் வெல்மா. எனக்கு அப்படிப் படவில்லை. தூக்குவான். ஆனால் நீ எதிரே உட்கார்ந்திருக்க வேண்டும் என்கிறானே, இத்தனை வருஷத்தில் ஊமை ராஸ்கோவைப் பற்றி அவன் அப்படி ஒன்று சொன்னதில்லை.

ஆகவே இப்படிச் செய். மேற்கே இருக்கிற மேட்டை அவர்களே வைத்துக்கொள்ளட்டும். வியாழக்கிழமை பஸ்ஸில் ஏறு. பாலத்தடியில் வெல்மா புருஷன் வண்டியோடு நிற்பான், நானும் நிற்பேன். லூடி சிறுவயதில் படுத்த அறை காலியாக இருக்கிறது, ஜன்னலைச் சரி செய்துவிட்டேன். உயிரோடு இருக்கிறவன் என் வீட்டுக்கு வர எவன் கையும் தூக்க வேண்டியதில்லை.

மே மாதம்வரை இருக்கப் பார். முடியாமல் போனால் அதற்கும் யோசித்து வைத்திருக்கிறேன். இடுகாட்டு வேலிக்கு இந்தப்பக்கம், லூடியின் கல்லுக்கு நேர் கீழே, என் ஆப்பிள் தோட்டம். அங்கே இருக்கிறது ஒரே குடும்பம், ஒரே கை.

இந்தத் தடவை தூக்குகிறேன்.

சொன்னவன் எமரி, எழுதியவள் வெல்மா